வேல்ஸ் மக்கள் தம் நாட்டுக்கு வழங்கும் பெயர்: ‘கம்ரி’ என்னும் சொல்லின் தோற்றமும் வழக்கும்

இளவேனில்:

அவையோருக்கு வணக்கம். நாடுகளின் இயற்பெயர்களைப் பற்றி நான் எழுதிவரும் குறிப்புகளில் அடுத்ததாக வேல்ஸை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்நாட்டு மக்கள் தம் நாட்டைக் ‘கம்ரி’ என்று அழைக்கிறார்கள் என்பதும், நாம் வழங்கும் ‘வேல்ஸ்’ ஆங்கிலேயர் வழியாக வந்த பெயர் என்பதும் தெரியும். ஆனால் படங்களில் காணும் பலகைகளில் அந்தச் சொல் ஒரே வடிவில் இல்லை. அரசின் முத்திரையில் ஒரு விதமாகவும், எல்லையிலுள்ள வரவேற்புப் பலகையில் முதலெழுத்து மாறியும், ‘வேல்ஸில்’ என்று பொருள்படும் இடங்களில் முற்றிலும் வேறான எழுத்துகளோடும் தொடங்குகிறது. இவையெல்லாம் ஒரே சொல்தானா? அதன் வேர்ப்பொருள் என்ன, எந்தக் காலத்திலிருந்து வழக்கில் இருக்கிறது? ‘வேல்ஸ்’ என்பது இழிவுப் பெயர் என்று பல இடங்களில் படிக்கிறேன். அது எந்த அளவுக்கு உண்மை? விவரம் அறிந்தவர்கள் சான்றோடு எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கார்டிஃப்வாசி:

வணக்கம் இளவேனில் அவர்களே. நீங்கள் பார்த்தவை எல்லாம் ஒரே சொல்தான். வெல்ஷ் மொழியில் ஒரு சொல்லுக்கு முன்னால் எந்தச் சொல் வருகிறது என்பதைப் பொறுத்து அதன் முதல் மெய்யொலி மாறும். நம் மொழியில் ‘மரம்’ என்பதோடு ‘கள்’ சேரும்போது நிலைமொழியின் ஈறு திரிந்து ‘மரங்கள்’ ஆகிறது அல்லவா. அங்கே வருமொழியின் முதல் திரிகிறது என்று கொள்ளலாம். வரவேற்புப் பலகையில் ‘இ’ என்ற சிறு சொல் முன்னால் நிற்கிறது. அதற்கு ‘-க்கு’ என்று பொருள். அது வந்தால் ககரம் மென்மையாகி, ‘தங்கம்’ என்ற சொல்லில் ஒலிக்கும் ககரமாக மாறும். ‘-இலிருந்து’ என்று பொருள்படும் ‘ஓ’ வந்தாலும் அப்படியே. ‘-இல்’ என்னும் பொருளுடைய ‘அன்’ வந்தால் மூக்கொலியாகத் திரியும். அந்த ‘அன்’ தானும் ‘அங்’ ஆகிவிடும். எனவே ‘வேல்ஸில்’ என்பது ‘அங் ஙஹம்ரி’ என்று ஒலிக்கும். ஆங்கிலம் மட்டும் பழகிய நாவுக்கு இது மிகக் கடினமாக இருக்கிறது; ‘அங்ஙனம்’ என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அவ்வளவு கடினமன்று. ‘உம்’ என்ற பொருளுடைய ‘அ’ முன்னால் வந்தால் ககரம் தொண்டையில் உரசி, ஏறத்தாழ நம் ஆய்தத்தைப் போல ஒலிக்கும். அகராதியில் தேடும்போது இந்த வடிவங்கள் அனைத்தையும் முதல் வடிவத்துக்குத் திருப்பிய பிறகே தேட வேண்டும்.

ஆனால் ‘வேல்ஸ் அரசு’, ‘வேல்ஸ் நாடாளுமன்றம்’ போன்ற தொடர்களில் நாட்டின் பெயர் திரியாமல் நிற்கும். முத்திரையில் நீங்கள் கண்டது அந்த வடிவம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாட்டின் பெயரும் மக்களின் பெயரும் ஒரே ஒலியுடையவை. எழுத்தில் கடைசி உயிர் மட்டும் வேறுபடும். வேல்ஸ் ஆண் ஒருவர் ‘கம்ரோ’, பெண் ‘கம்ரைஸ்’. மொழியின் பெயர் ‘கம்ராய்க்’. மொழியோடு தொடர்புடையவற்றுக்கு இதே சொல்லை அடைமொழியாகவும் வழங்குவார்கள். நாட்டோடு மட்டும் தொடர்புடையவற்றுக்குக் ‘கம்ரேய்க்’ என்று வேறு வடிவம் உண்டு. வெல்ஷ் மொழியில் எழுதிய நூல் முதல் வகை. வேல்ஸ் நாட்டவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் இரண்டாம் வகை. பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளில் ஆசிரியர்கள் அடிக்கடி திருத்துகிற இடங்களில் இதுவும் ஒன்று.

சொல்லேருழவர்:

வேர்ப்பொருளைப் பற்றி நான் எழுதுகிறேன். மொழியியலார் இச்சொல்லுக்கு மீட்டமைத்துள்ள பழம்பிரித்தானிய (ஆங்கிலேயர் வருமுன் தீவில் வாழ்ந்த பிரித்தானியரின் மொழி) வடிவம், பன்மையில் ‘கொம்ப்ரோகீ’ என்பதாகும். ‘கொம்’ என்றால் உடன், சேர்ந்து. ‘ப்ரோக்’ என்றால் எல்லைக்குட்பட்ட நிலம். ஒரே நிலத்தைச் சேர்ந்தோர், அதாவது ‘நம் நாட்டார்’ என்பது பொருள். ஆகவே இது முதலில் மக்களின் பெயர். அதிலிருந்துதான் நாட்டுக்குப் பெயர் வந்தது. 16ஆம் நூற்றாண்டு வரை இரண்டையும் வேறுபாடின்றி ஒரே மாதிரி எழுதினார்கள். மேலே நண்பர் சொன்ன எழுத்து வேறுபாடு அதன் பிறகு நிலைபெற்றது.

இரண்டாம் பகுதியான ‘ப்ரோக்’ ஊகத்தில் மட்டும் நிற்கும் வடிவம் அன்று. ‘கால்’ (Gaul) எனப்பட்ட பழைய பிரான்ஸ் பகுதியில், இன்றைய ஜெனீவாவுக்கும் கிரனோபிளுக்கும் அருகில் வாழ்ந்த அல்லோப்ரோகெஸ் என்ற இனத்தாரின் பெயரில் அது இருக்கிறது. ஜூவெனல் என்ற ரோமானியப் புலவரின் பாடல்களுக்குப் பழைய உரையாசிரியர் ஒருவர் குறிப்பு எழுதும்போது, கால் நாட்டார் நிலத்தைப் ‘ப்ரோகா’ என்பர், ‘அல்லா’ என்றால் வேறு, எனவே இவர்கள் வேறு நிலத்திலிருந்து வந்தவர்கள் என்று விளக்கியிருக்கிறார். வெல்ஷ் மொழியில் இன்றும் ‘ப்ரோ’ என்றால் வட்டாரம். ‘அல்வ்ரோ’ என்றால் அயல்நாட்டார். இந்த வேரின் இன்னும் பழைய வடிவம் மகரத்தில் தொடங்கியது. இலத்தீனில் விளிம்பைக் குறிக்கும் ‘மார்கோ’வும், பழைய ஆங்கிலத்தில் எல்லையைக் குறிக்கும் ‘மேயார்க்’கும் அதற்கு உறவுச் சொற்கள். வேல்ஸை ஒட்டியிருந்த ஆங்கிலேய அரசான மெர்சியாவின் பெயர் இந்தப் பின்னதிலிருந்தே பிறந்தது. அதன் மன்னன் ஆஃபா 8ஆம் நூற்றாண்டில் எழுப்பிய நெடும் மண்கரையின் ஒருபுறம் எல்லையோர், மறுபுறம் ஒரே எல்லைக்குள் வாழ்வோர்; இரு சாராரின் பெயரிலும் ஒரே தொல்வேர் இருக்கிறது.

காலத்தைப் பொறுத்தவரை எச்சரிக்கையோடு பேச வேண்டும். வட வேல்ஸிலிருந்த குவினெத் அரசின் மன்னன் கட்வாஹ்லோனைப் புகழும் பாடலில் இச்சொல் வருகிறது. அவன் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்தவன். ஆனால் அந்தப் பாடல் பிற்காலப் படிகளில் மட்டுமே கிடைப்பதால் அதை அதே காலத்தது என்று எல்லா அறிஞரும் ஏற்பதில்லை. ஐயமின்றிக் காட்டக்கூடிய பெருஞ்சான்று 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாடப்பட்ட ‘பிரித்தானியாவின் பெரும் தீர்க்கதரிசனம்’ என்ற பாடல். கம்ரி மக்களும் அயர்லாந்தினரும் டப்ளினின் வைக்கிங்குகளும் கார்ன்வாலினரும் ஒன்றுசேர்ந்து சாக்சன்களை, அதாவது ஆங்கிலேயரை, கடலுக்கு அப்பால் துரத்துவார்கள் என்று அது முழங்குகிறது. பேரரசனின் வரித் தண்டலாளர்களை வெறுப்போடு குறிப்பிடுகிறது. ‘கம்ரி’ என்ற சொல்லை மீண்டும் மீண்டும் எடுத்தாளுகிறது. அதைக் காத்துத் தந்த 14ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படி அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

அதே காலத்தில் இலத்தீனில் எழுதியோர் பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருந்தனர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 893இல் ஆல்ஃபிரெட் மன்னரின் வரலாற்றை எழுதிய அஸர் வேல்ஸ் நாட்டுத் துறவி; அவர் தம் நாட்டைப் ‘பிரித்தானியா’ என்றே எழுதுகிறார். தீவு முழுவதும் தம்முடையது என்ற உரிமை அந்தப் பெயரில் இருந்தது. அதை விட்டுவிடப் படித்தவர்களுக்கு மனம் வராததில் வியப்பில்லை.

இச்சொல் வேல்ஸுக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. வட இங்கிலாந்தின் கம்ப்ரியாவும் ஸ்காட்லாந்தின் கிளைடு முகத்துவாரத்திலுள்ள கம்ப்ரே தீவுகளும் இதே பெயரைத் தாங்கியவை. ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு 945ஆம் ஆண்டின் கீழ் ‘கம்ப்ராலாண்ட்’ என்ற நாட்டைக் குறிப்பிடுகிறது. வடக்கே இருந்த பிரித்தானியரும் தம்மைக் கம்ரி என்றே கருதினார்கள் என்பதற்கு இவை சான்று. ஆனால் கார்ன்வாலினரும், கடல் கடந்து பிரிட்டனியில் குடியேறியவர்களும் தம்மை இப்பெயரால் அழைத்துக்கொள்ளவில்லை. எனவே தென்மேற்கோடு நிலவழித் தொடர்பு அறுந்த பிறகு, வடக்கோடு தொடர்பு இன்னும் இருந்தபோது இப்பெயர் பரவியிருக்க வேண்டும் என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். தென்மேற்கைத் துண்டித்ததாகச் சொல்லப்படும் டிரம் போரை ஆண்டுக்குறிப்பு 577இல் வைக்கிறது; வடக்கோடு இருந்த தொடர்பைத் தளர்த்திய செஸ்டர் போர் 616ஐ ஒட்டி நடந்தது. இது ஊகம்தான் என்றாலும் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

முகிலன்:

ஐயா, வேர் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் இளவேனில் கேட்ட கடைசிக் கேள்வியைத் தாங்கள் தொடவில்லை. ‘வேல்ஸ்’ என்பது பழைய ஆங்கிலத்தின் ‘வேயால்ஹ்’ என்ற சொல்லின் பன்மையிலிருந்து வந்தது. அதற்கு அயலான் என்று பொருள். பிறகு அடிமை என்றே பொருளாயிற்று. அடிமைப் பெண்ணைக் குறிக்கும் ‘வில்ன்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லும் அதே வேரினது. தீவில் முன்பே குடியிருந்த மக்களைப் பின்னால் வந்தேறியவர்கள் அயலார் என்றும் அடிமை என்றும் அழைத்திருக்கிறார்கள். இதைவிட அநியாயமான பெயரிடல் வேறு என்ன இருக்க முடியும்? நம் குறிப்புகளிலாவது அந்தப் பெயரைக் கைவிட்டுக் ‘கம்ரி’ என்று மட்டுமே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சொல்லேருழவர்:

முகிலன் அவர்களே, தங்கள் சினத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சொல்லின் வரலாறு தாங்கள் சொன்ன இடத்தில் தொடங்கவில்லை.

சீசரின் காலத்தில் நடு ஐரோப்பாவின் ஹெர்சினியக் காட்டை அடுத்து வோல்கே என்ற செல்திய இனத்தார் வாழ்ந்தனர். ஜெர்மானியர் தமக்கு அண்டையிலிருந்த இந்த இனத்தின் பெயரை எடுத்து, அதைச் செல்தியர் அனைவருக்கும், பிறகு ரோமப் பேரரசின் மக்களுக்கும் விரித்து வழங்கினார்கள் என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. இது மிகப் பழைய கடன் சொல். ஜெர்மானிய மொழிகளில் ககரம் ஹகரமாக மாறிய காலத்துக்கும் முன்பே சென்று சேர்ந்திருக்க வேண்டும். அதன் பிறகு அது ஐரோப்பா முழுவதும் பரவியது. பெல்ஜியத்தின் வலோனியாவும் ருமேனியாவின் வலாகியாவும் அதிலிருந்து வந்தவை. போலந்து மொழியில் இத்தாலிக்கு வழங்கும் பெயரும், ஹங்கேரி மொழியில் இத்தாலியரைக் குறிக்கும் ‘ஒலாஸ்’ என்ற சொல்லும் அப்படியே. சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் பேசுவோர் தம் நாட்டின் பிரெஞ்சுப் பகுதியை இன்றும் இச்சொல்லால் குறிக்கிறார்கள். நாம் கடையில் வாங்கும் வால்நட்டின் முதல் பகுதியும் இதுவே. கால் நாட்டிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த கொட்டை என்று அதற்குப் பொருள்.

இந்த மக்கள் எல்லாரும் ரோமானிய உலகத்தைச் சேர்ந்தவர்கள். ஜெர்மானியருக்குக் கிழக்கே வாழ்ந்த ஸ்லாவியரும் அயலாரே. ஆனால் அவர்களுக்கு ‘வெண்டு’ என்று வேறு பெயர் இருந்தது. ஆகவே ‘வேயால்ஹ்’ என்றால் பொதுவாக எந்த அயலானும் என்று மொழிபெயர்ப்பது போதாது. செல்திய மொழியோ இலத்தீனோ பேசிய, ரோம ஆட்சியின் கீழ் இருந்த மக்கள் என்பதே அதன் சரியான பொருள். அடிமை என்ற பொருள் பின்னால், அதுவும் தென் இங்கிலாந்தின் பழைய அரசான வெசெக்ஸ் பகுதியின் எழுத்துகளில் மிகுதியாக வருகிறது. போரில் தோற்று அடிமையானவர்களில் பிரித்தானியர் பலராக இருந்ததால் இனப்பெயர் நிலைப்பெயராக மாறியது. அடிமையைக் குறிக்கும் இன்றைய ஆங்கிலச் சொல்லே ஸ்லாவியரின் பெயரிலிருந்து வந்ததும் இதே வழியில்தான்.

வெசெக்ஸ் மன்னன் ஐன் 690ஐ ஒட்டி இயற்றிய சட்டங்களைப் பாருங்கள். கொலையுண்டவனின் குடும்பத்துக்குத் தர வேண்டிய இழப்பீடு அங்கே விதிக்கப்பட்டிருக்கிறது. ‘ஹைடு’ என்பது ஒரு குடும்பம் வாழப் போதுமான நில அளவு. ஒரு ஹைடு உடைய வேயால்ஹ் ஒருவனுக்கு இழப்பீடு 120 ஷில்லிங். ஐந்து ஹைடு உடையவனுக்கு 600. மன்னனின் செய்தியை ஏந்திக் குதிரையில் செல்லும் வேயால்ஹுக்கு 200. சொல்லுக்கு அடிமை என்ற பொருள் மட்டுமே இருந்திருந்தால், நிலம் உடையவனையும் மன்னனின் பணியாளனையும் அதே சொல்லால் குறித்திருக்க முடியாது.

வேல்ஸ் மக்களும் அதை ஏற்று வழங்கினார்கள். 1267ஆம் ஆண்டின் மாண்ட்கோமரி உடன்படிக்கையில் வேல்ஸ் தலைவர் ஹ்லெவெலின் ஆப் கிரிஃபித் பெற்றுக்கொண்ட பட்டம் ‘வாலியாவின் இளவரசர்’; ‘வாலியா’ என்பது ‘வேல்ஸ்’ என்பதன் இலத்தீன் வடிவம். 1406இல் ஓவைன் க்ளின்டூர் பெனால் என்ற ஊரிலிருந்து பிரெஞ்சு மன்னருக்கு எழுதிய கடிதத்திலும் தம்மை அப்படியே குறிப்பிடுகிறார். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து வாளெடுத்தவரே அந்தப் பெயரை இலத்தீனில் தயங்காமல் வழங்கியிருக்கிறார்.

வெண்ணிலா:

இந்தப் பெயர்களுக்குக் கட்டப்பட்ட கதைகளையும் இளவேனில் தம் குறிப்பில் சேர்க்கலாம். 1136ஐ ஒட்டி மொன்மத் ஜெஃப்ரி எழுதிய பிரித்தானிய மன்னர் வரலாற்றில், புரூட்டஸ் என்ற டிராய் நகரத்தவனின் மகன் காம்பர் ஆண்டதால் நாட்டுக்குக் ‘காம்ப்ரியா’ என்று பெயர் வந்ததாக ஒரு கதை உண்டு. உண்மையில் ‘காம்ப்ரியா’ என்பதே ‘கம்ரி’யின் இலத்தீன் வடிவம், அதிலிருந்துதான் காம்பர் என்ற மனிதனைப் படைத்திருக்கிறார்கள். ‘வேல்ஸ்’ என்பதற்கும் ஒரு படைத்தலைவனையும் ஓர் அரசியையும் ஜெஃப்ரி சொன்னார். அதே நூற்றாண்டின் 1190களில் ஜெரால்ட் என்ற வேல்ஸ் நாட்டுக் குருமார் அந்த விளக்கத்தைப் பொய் என்று வெளிப்படையாக மறுத்து, சாக்சன்கள் அயலாருக்கு வழங்கிய பெயரே அது என்று எழுதியிருக்கிறார். ஒப்பியல் மொழியியல் பிறப்பதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒருவர் இவ்வளவு அருகில் வந்திருப்பது எனக்குப் பெரும் மதிப்பை உண்டாக்குகிறது. காம்பர் கதையை மட்டும் அவரும் விடவில்லை.

பிறகு விவிலியத்தில் நோவாவின் பேரனாக வரும் கோமேரிடமிருந்து கம்ரி மக்கள் தோன்றியதாக ஒரு கொள்கை பரவியது. தியோஃபிலஸ் எவன்ஸ் 1716இல் வெளியிட்ட வரலாற்று நூல் அதை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. 1814இல் ஸ்வான்சீயில் தொடங்கிய முதல் வெல்ஷ் வார இதழின் பெயர் ‘கோமேரின் விண்மீன்’. சொய்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1853இல் செல்திய மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் வகுத்த பிறகே இவ்வகை விளக்கங்கள் அறிஞரிடையே செல்வாக்கு இழந்தன.

முகிலன்:

சொல்லேருழவர் ஐயா காட்டிய சட்டத்தையே நானும் காட்ட விரும்புகிறேன். ஐந்து ஹைடு நிலம் உடைய வேயால்ஹுக்கு 600 ஷில்லிங் என்றால், ஆங்கிலேயப் பெருங்குடி ஒருவனுக்கு அக்காலத்தில் 1200. ஓர் உயிரின் விலையைச் சரிபாதியாகக் குறைத்த சட்டத்தில் அந்தக் குறைப்புக்கு அடையாளமாக நிற்கும் சொல் இது. பிறக்கும்போது குற்றமற்றதாக இருந்திருக்கலாம். வழங்கிய கைகளில் அது அப்படி இருக்கவில்லை.

சொல்லேருழவர்:

அந்த ஏற்றத்தாழ்வு உண்மை. அதை நானும் மறைக்க விரும்பவில்லை. இளவேனில் அவர்கள் குறிப்பில் இரண்டையும் எழுதட்டும். ‘வேல்ஸ் என்றால் அடிமை’ என்று ஒரு வரியில் முடித்துவிட வேண்டாம் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

கார்டிஃப்வாசி:

இன்றைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். 1746ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, நாடாளுமன்றச் சட்டங்களில் ‘இங்கிலாந்து’ என்று எழுதினாலே வேல்ஸும் அதில் அடங்கும். அது வேல்ஸைப் பொறுத்தவரை 1967ஆம் ஆண்டின் வெல்ஷ் மொழிச் சட்டத்தால்தான் நீக்கப்பட்டது. எனவே இங்குள்ள முதியவர்கள் பலருக்கு, ‘வேல்ஸ்’ என்ற பெயர் சட்டத்தில் தனித்து நிற்பதே போராடிப் பெற்ற ஒன்று. அவர்களிடம் போய் அந்தப் பெயர் இழிவானது என்று சொன்னால் மனம் புண்படுவார்கள்.

மறுபுறம், ‘கம்ரி’ என்ற பெயர் ஆங்கில வாக்கியங்களுக்குள்ளும் வேகமாகப் பரவிவருகிறது. 2020 மே மாதம் முதல் இங்குள்ள சட்டமன்றத்தின் பெயர் வெல்ஷில் ‘செனெத் கம்ரி’. ஆங்கிலத்தில் பேசுவோரும் ‘செனெத்’ என்றே சொல்கிறார்கள். 1958க்குப் பிறகு 2022இல்தான் நாடு மீண்டும் உலகக் கோப்பைக் கால்பந்துக்குத் தகுதி பெற்றது; அதை ஒட்டிக் கால்பந்துச் சங்கம் தன் அணிகளுக்குக் ‘கம்ரி’ என்ற பெயரையே முன்னிறுத்தியது. ஸ்னோடோனியா தேசியப் பூங்கா 2022இல் ‘எரரி’ என்ற பெயரையும், பிரெக்கன் பீக்கன்ஸ் 2023இல் ‘பன்னை ப்ரஹைனியோக்’ என்ற பெயரையும் முதன்மையாக்கிக்கொண்டன. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 17.8 விழுக்காடு, ஏறத்தாழ 5,38,000 பேர். ஆனால் ‘கம்ரி’ என்ற இந்த ஒரு சொல்லை மொழி தெரியாதவர்களும் சட்டையில் அணிகிறார்கள், விளையாட்டரங்கில் முழங்குகிறார்கள். நான் பழகியவர்களில் பெரும்பாலோர் இரு பெயர்களையும் உறுத்தலின்றி வழங்குகிறார்கள். இளையோரிடம் ‘கம்ரி’ பக்கம் சாய்வு கூடுதலாகத் தெரிகிறது.

இளவேனில்:

அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. தலைப்பில் ‘வேல்ஸ்’ என்றும், முதல் வரியிலேயே ‘கம்ரி’ என்றும் எழுதி, முகிலன் அவர்களும் சொல்லேருழவர் ஐயாவும் காட்டிய சட்டச் சான்றை இரு பக்கமும் தெரியும்படி சேர்க்கிறேன். ஒரே ஓர் ஐயம் மிஞ்சியிருக்கிறது. தமிழ்த் தளங்களில் ‘சிம்ரு’, ‘கிம்ரு’, ‘கம்ரி’ என்று பலவாறு காண்கிறேன். எதை எழுதுவது சரி?

கார்டிஃப்வாசி:

‘கம்ரி’ என்றே எழுதுங்கள். திரியாத வடிவின் முதலெழுத்தான C வெல்ஷில் எப்போதும் ககரமாகவே ஒலிக்கும். சகர ஒலி அதற்கு இல்லை. அடுத்து வரும் உயிர் வாயை அதிகம் திறக்காமல் சொல்லும் குறுகிய அகரம். எழுத்தைப் பார்த்து இகரமாகப் படிப்பதால் ‘கிம்ரு’ வருகிறது. ஈற்றுயிர் தெற்கே தெளிவான இகரம். வடக்கே நாவைச் சற்றுப் பின்னிழுத்து, இகரத்துக்கும் உகரத்துக்கும் நடுவில் ஒலிப்பார்கள். அந்த வடக்கத்திய ஒலிக்குத் தமிழில் தனி எழுத்து இல்லை, ஆனாலும் உகரத்தைவிட இகரமே அதற்கு நெருக்கம். நாடும் மக்களும் தமிழ் எழுத்தில் ஒன்றாகவே வந்துவிடும் என்பதால், ‘கம்ரி நாடு’, ‘கம்ரி மக்கள்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து எழுதினால் படிப்பவர்களுக்குக் குழப்பம் இருக்காது.